பொட்டு வைத்த ரவைக்கூடுகள்

ஆனி 9

இன்று முதல் எனக்குத் துவக்குத் திருத்தும் பட்டறையில் வேலை. எல்லையில் பழுதாகிற துப்பாக்கியெல்லாம் இங்கேதான் வரும். என்னோடு பயிற்சி முடித்தவர்கள் எல்லோரும் எல்லைக் காவலுக்குப் போய்விட்டார்கள். என்னை மட்டும் இங்கே அனுப்பினார்கள். காரணம் குரல்.

பயிற்சியில் ஓடிக்கொண்டே "முன்னேறு!" என்று கத்த வேண்டும். நான் கத்தினேன். பக்கத்தில் ஓடிய யசோவுக்கு மட்டும்தான் கேட்டது. பயிற்சி அக்கா திரும்பத் திரும்பக் கத்தச் சொன்னார். கடைசியில் யசோ, "அக்கா, அவள் கத்திப்போட்டாள். நான் சாட்சி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவும் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

இயக்கத்தில் எனக்கு வைத்த பெயர் நாவரசி. என்னைக் கேலி செய்வதற்காக வைக்கவில்லை. அன்று வந்த வரிசையில் என் முறைக்கு அந்தப் பெயர் வந்தது. வீட்டில் நான் கேதாரகௌரி. யசோவுக்கும் எழில்மதி என்று ஒரு பெயர் உண்டு. ஒரே ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவளை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

ஆனி 11

பட்டறை முன்பு கூட்டுறவுச் சங்கக் கடையாக இருந்தது. சீனி நிறுத்த தராசு இன்னும் தொங்குகிறது. சுவரில் "வரிசையில் நிற்கவும்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பழுதான துவக்குகள் சுவரோடு சாய்ந்து வரிசையில் நிற்கின்றன. சனம் இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்காது.

பொறுப்பாளர் அறிவிழி அக்கா. நடக்கும்போது வலது காலை இழுப்பார். என்னைப் பார்த்ததும், "நீதானோ கதைக்காத பிள்ளை?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"நல்லது. கதைக்காத பிள்ளை ஒண்டு தாங்கோ எண்டு போன வருசம் கேட்டனான். இந்த இயக்கத்தில நான் கேட்டது ஒண்டு எனக்குக் கிடைச்சது இதுதான் முதல் தரம்."

பிறகு ஒரு குறட்டைக் கையில் தந்தார். இங்கே நல்ல குறடு இது ஒன்றுதான், தொலைத்தால் என்னையும் தொலைத்துவிடுவாராம்.

ஆனி 15

என் வேலை பிஸ்கற் ரின்களோடு.

துவக்கின் அடியில் ரவைகளை அடைத்துச் செருகுகிற பெட்டியை எல்லோரும் மகசின் என்பார்கள். வழங்கல் பொறுப்பாளர் பரிதி அண்ணா நிற்கும்போது மட்டும் ரவைக்கூடு என்று சொல்ல வேண்டும். எங்கிருந்தோ மலிவாகக் கிடைத்தது என்று அவர் மூட்டை மூட்டையாக இறக்கினவற்றைப் பிள்ளைகள் பிஸ்கற் ரின் என்கிறார்கள். அவ்வளவு மெல்லிய தகரம். பெருவிரலால் அமத்தினால் வாய் அகலுகிறது. வாய் அகன்றால் ரவை நேரே ஏறாது, குறுக்கே நின்று இறுகும். உள்ளே இருக்கிற சுருளும் சோம்பேறி. கடைசி ரவைகளை மேலே தள்ளாமல் படுத்துவிடும்.

அக்கா திருத்தக் காட்டித் தந்தார். வாயை ஒடுக்கி, சுருளை இழுத்துவிட்டு, அரத்தால் ஓரம் தேய்த்து, எண்ணெய்ச்சீலையால் துடைக்க வேண்டும். திருத்தினால் கொஞ்ச நாளைக்கு ஒழுங்காக இருக்கும். பிறகு மறுபடி அகலும்.

"இதைத் திருத்துறது பிழை. மாத்த வேணும்" என்கிறார் அக்கா. சொல்லிக்கொண்டே திருத்துகிறார்.

ஆனி 21

பரிதி அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்கா ஒரு ரின்னை எடுத்து அவர் கண் முன்னால் விரலால் நசித்துக் காட்டினார்.

"அண்ணா, இந்த மகசின்..."

"ரவைக்கூடு."

"இந்த ரவைக்கூடு நடுச் சண்டையில நிண்டுபோகும். மாத்துங்கோ."

"திருத்துறதோ மாத்துறதோ எண்டு ஆராய்ஞ்சுதான் முடிவெடுக்க வேணும், அறிவிழி. ஒரு குழு போட்டிருக்கிறன்."

"ஆராயிறதுக்குள்ள ஆமி வந்திடுமே."

"அதையும் சேர்த்துத்தான் ஆராய்வம்" என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை என்ன, கதைக்காதோ?" என்று கேட்டார். அக்கா, "அவள் குழு போடாமலே வேலை செய்வாள்" என்றார். அண்ணாவுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஆடி 2

அம்மா பார்க்க வந்தார். வெளியே கொட்டிலில் வைத்துப் பார்க்க விட்டார்கள். பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்திருந்தார். கை கறுத்திருக்கிறதே என்று கேட்டார். எண்ணெய் என்றேன்.

"அப்ப எல்லைக்கு விடமாட்டினமே?"

"இல்லை."

"அது நல்லது. அப்பிடியே கதைக்காமல் இரு."

தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறானாம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது என் விருப்பத்தில்தான். எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வெளியே வராது. அதோடு வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். அதற்குப் பிறகு வீட்டில் சும்மாதான் இருந்தேன். சமைத்தேன், தோட்டத்துக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறினேன், மாட்டைப் பார்த்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு இயக்கத்து அக்காமார் வந்த அன்று தம்பி நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தான். ஏன் அங்கே போய் இருந்தான் என்று தெரியாது. என் உடுப்புப் பையை அம்மா முதல் நாளே கட்டி வைத்திருந்தார். அம்மாவுக்கு எப்போதும் முன்யோசனை அதிகம்.

பணியாரம் நல்ல இனிப்பு.

ஆடி 7

யசோ வந்தாள்! எல்லையில் நிற்பவர்களை முறை வைத்துக் குளிக்க விடுகிறார்கள். பின்பக்கக் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து என் பெட்டியில் ஏறி இருந்தாள். அவளுடைய துவக்கிலும் பிஸ்கற் ரின்தான்.

"சுட்டுப் பாக்கச் சொன்னவை. ரெண்டு சுட்டுது. பிறகு நிண்டு என்னைப் பாத்துது. நானும் அதைப் பாத்தன்."

"பிறகு?"

"பிறகென்ன, ஆமி எங்களைப் பாத்துச் சிரிக்காத அளவுக்குத் தள்ளி இருக்கிறான். அதுதான் தப்பினம். கெதியில பெரிசா வருவாங்கள் எண்டு சொல்லுகினம்."

அவளுடைய ரின்களை வாங்கித் திருத்திக் கொடுத்தேன். நான் குறடு பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடிக்காரி. ஆனால் அப்போது சிரிக்கவில்லை.

"என்ர உயிர் உன்ர குறட்டிலதான் கிடக்கு. வடிவாப் பிடி" என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். "என்ன?" என்று கேட்டாள். இரண்டாம் தரம் சொல்ல வரவில்லை.

ஆடி 15

இன்று ஆய்வுக் குழு வந்தது. பரிதி அண்ணாவும், கண்ணாடி போட்ட ஒருவரும், படம் எடுக்க ஒருவரும்.

காலையில் அக்கா, "வாறவைக்கு மாதிரி பாக்கக் கொஞ்ச ரின்னை மேசையில ஒழுங்கா எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனார். சங்கக் கடைப் பெட்டிக்குள் பூப்போட்ட விரிப்பு ஒன்று கிடந்தது. அதைத் தட்டி மேசையில் விரித்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் விளிம்பு உடையாத கோப்பைகளைத்தானே எடுப்போம். ஆகத் திறமாக நான் திருத்தியிருந்த ரவைக்கூடுகளைத் தெரிந்தெடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, வாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைத்தேன்.

அவர்கள் பிளேன்ரீ குடித்து, வாய்ப்பன் சாப்பிட்டுவிட்டு, பின்வளவில் மண்மூட்டைக்குச் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட இறுகவில்லை. கண்ணாடிக்காரர் சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் சுட்டார்.

அப்போதுதான் அக்கா மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதே நேரம் பரிதி அண்ணா, "அறிவிழி, உன்ர பட்டறையை நினைச்சாப் பெருமையா இருக்கு" என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு வாய் மூடித்தான் இருந்தது.

ஆடி 16

அக்கா இன்று முழுக்க ஒரு வார்த்தைதான் பேசினார். "விருந்தோம்பல்."

ஆடி 24

முடிவு வந்தது. ரவைக்கூடுகள் தரமானவை. மாற்றத் தேவையில்லை. தரமானவை என்பதால் திருத்தவும் தேவையில்லை. இருப்பில் உள்ள எல்லாவற்றையும் உடனே எல்லைக்கு அனுப்ப வேண்டும்.

பின்னேரம் அக்கா சொன்னார்: "நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். ஏழு வருசமா இந்தக் கடைக்குள்ள இருக்கிறன். ஒருத்தரும் ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்லை. சொன்ன உடனே மயங்கிப்போனன், விசரி."

நான் என் பிழை என்று சொல்ல நினைத்தேன். அக்கா அதை என் முகத்தில் வாசித்துவிட்டார். "உன்ர பிழை இல்லை எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார்.

ஆடி 26

அக்காவுக்கு ஒரு யோசனை. அனுப்பாமல் இருக்க முடியாது. ஆனால் திருத்தியும் சரிவராதவற்றைப் பிரித்து வேறு மூட்டையில் கட்டி, பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லிவிடலாம். கலந்துவிட்டாலும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வேண்டும்.

புதுப் பிள்ளைகளிடமிருந்து பறித்து வைத்த, நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் போத்தல் ஒன்று அக்காவின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நல்ல சிவப்பு. கூடாத ரின் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருக்கிறது. கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. என் சின்னவிரல் நகத்தில் பூசிப் பார்த்துவிட்டு மண்ணெண்ணெயால் அழித்தேன்.

ஆடி 30

மூட்டை ஏற்ற வழங்கலில் இருந்து ஒருவர் உழவு இயந்திரத்தில் வந்தார். அக்கா பொட்டு மூட்டையைத் தனியாகக் காட்டி, பயிற்சிக்கு மட்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு அக்கா உள்ளே போன நேரம், "உரப்பைக்குத் தட்டுப்பாடு தங்கச்சி" என்று சொல்லி, பொட்டு மூட்டையை மற்ற மூட்டைக்குள் கொட்டினார். வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டது நிச்சயம். உழவு இயந்திரத்தின் சத்தம் வேறு.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி, பொட்டு இருக்குத்தானே. சனியன் பிடிச்ச பொட்டைக் கண்டா எடுக்கமாட்டினம்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஆவணி 3

மழை. தராசில் துரு.

ஆவணி 6

காலையில் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிற பொன்னுத்துரை அண்ணை எல்லையில் இருந்து திரும்பி வந்தார். அவர் இயக்கம் இல்லை, சொந்த உழவு இயந்திரத்தை ஓட்டுகிற கமக்காரர். எல்லாச் செய்திக்கும் கொஞ்சம் சீனி போட்டுத்தான் சொல்லுவார்.

"பிள்ளை நாவரசி! அங்க உன்ர பேர்தான் பேர்!"

எனக்கு விளங்கவில்லை.

"சிவப்புப் பொட்டு வைச்சு அனுப்பினது நீதானே? அதுக்கு என்ன அடிபிடி! பொட்டு வைச்சது பட்டறையில தனிய எடுத்துச் சோதிச்ச திறம் சாமானாம். பொட்டு இல்லாத ரெண்டு குடுத்துப் பொட்டு வைச்ச ஒண்டு வாங்குதுகள். உன்ர சிநேகிதி இருக்கிறாளே, வாய்க்காரி, அவள் கைக்கு எட்டினது ஒண்டும் விடாமல் தன்ர அணிக்கெண்டு சேர்த்துப்போட்டாள். இது என்ர கேதா வைச்ச பொட்டு, எனக்கு அவள்ட கை தெரியும் எண்டு சொல்லிச் சொல்லிக் காட்டுறாள்."

அண்ணை சிரித்துக்கொண்டே பனங்கட்டியைக் கடித்தார். "இண்டைக்கோ நாளைக்கோ ஆமி வெளிக்கிடுவான் எண்டு கதை. வரட்டும். பொட்டுப் பிள்ளையள் நிக்கினம்."

அக்கா இல்லை. ரவைக்கூடுகளை ஈரம் படாமல் வைப்பது எப்படி என்ற கூட்டத்துக்குப் போயிருந்தார். பின் அறையில், எல்லையோடு கதைக்கிற வோக்கிக்குப் பொறுப்பான கோமகள் இருந்தாள். அவளிடம் ஓடிப்போய் மூச்சு வாங்க வாங்க விசயத்தைச் சொன்னேன். ஒரே தரத்தில் அவளுக்குக் கேட்டது.

"அனுமதி இல்லாமல் எல்லையோட கதைக்க ஏலாது. சரி, நான் கதைக்கிறன். ஆனா எல்லாம் சங்கேதத்தில சொல்ல வேணும், ஆமி கேட்டுக்கொண்டிருப்பான். ரவைக்கூடு எண்டா தேங்காய்." அவள் சங்கேதச் சொற்கள் எழுதிய தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். "பழுது எண்டதுக்கு என்ன சொல்லு?... இல்லையடி. எங்கட தாளில பழுது எண்டு ஒண்டும் இல்லை."

"தேங்காய் அழுகல் எண்டு சொல்லு."

"அழுகல் தாளில இல்லை. இல்லாத சொல்லைச் சொன்னா என்னைச் சமையலுக்கு விட்டிடுவினம்."

அவள் கையில் இருந்து வோக்கியைப் பறித்தேன். நான் ஒருவரிடம் ஒன்றைப் பறித்தது இதுதான் முதல் தடவை. பொத்தானை அமத்தினேன். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கோமகள்தான் பிறகு சொன்னாள். பட்டறைக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் போயினவாம்.

"பொட்டு வைச்ச தேங்காயெல்லாம் அழுகல்! எறியுங்கோ! பொட்டு வைச்சதெல்லாம் அழுகல்! யசோ, எறியடி!"

இரைச்சல். பிறகு ஓர் அதட்டல். "ஆரது? ஆர் கதைக்கிறது?"

"நாவரசி!"

"ஆர் நாவரசி?"

அதற்குப் பிறகு யசோவின் குரல். "கத்தாதையடி, காது வெடிக்குது. கேட்டிட்டுது."

ஆவணி 7

விடிந்ததில் இருந்து கிழக்கே இடி. முகில் ஒன்றும் இல்லை.

ஆவணி 8

இடி.

ஆவணி 10

எல்லை விழவில்லை. யசோவின் அணி பொட்டு வைத்ததை எல்லாம் வாய்க்காலில் எறிந்துவிட்டு, மிச்சம் இருந்ததைப் பங்கு போட்டுச் சமாளித்ததாம். ஒன்றும் இறுகவில்லை. அவளுக்கு ஷெல் துண்டு பட்டு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உயிருக்குப் பயம் இல்லை.

அடுத்த காவலரணில் வோக்கிக்கு பற்றரி இல்லை. அவர்கள் பொட்டு வைத்ததையே வைத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள்.

அவர்களுடைய பெயர் எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

ஆவணி 11

குறட்டைக் கழுவினேன். அதில் ஒன்றும் இல்லை. சும்மா கழுவினேன்.

ஆவணி 14

விசாரணை. பரிதி அண்ணாவும் கண்ணாடிக்காரரும் மேசைக்கு அந்தப் பக்கம். அதே பூப்போட்ட விரிப்பு. என் மேல் மூன்று குற்றம். அனுமதியில்லாமல் வோக்கி எடுத்தது. தாளில் இல்லாத சொல்லைப் பேசியது. தரமானது என்று குழு சொன்ன ரவைக்கூட்டை அழுகல் என்றது.

நான் பேசினேன். பேசினேன் என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குக் கேட்டது.

"அண்டைக்கு இந்த மேசையில வைச்சது ஆக நல்லது அண்ணா. வாறவைக்கு முன்னால கூடாததை எப்பிடி வைக்கிறது எண்டு, நான் திருத்தினதில திறமானதாப் பாத்து எடுத்து வைச்சனான். மற்றதெல்லாம் கூடாது. நீங்கள் சுட்டுப் பாத்தது என்ர வேலையை. அந்தத் தகரத்தை இல்லை. ரெண்டு பேர் செத்துப்போச்சினம்."

 அக்கா தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழியை என் மேல் மட்டும் விட்டுவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, "நானும் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனான்" என்றார்.

பரிதி அண்ணாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அப்ப, திருத்தினா நல்லா வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?"

கண்ணாடிக்காரர், "அப்ப மாத்தத் தேவையில்லை" என்றார்.

"திருத்துறதே போதும். பாத்தியே அறிவிழி, ஆராய்ஞ்சு எடுத்த முடிவு எண்டது இதுதான்."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நல்ல சிரிப்பு இல்லை.

பிறகு என் விசயம். தண்டனை தர வேண்டாம் என்று அண்ணா சொன்னார். வோக்கியில் என் குரல் நாலு காவலரணுக்கு அப்பாலும் கேட்டதாம். "இவ்வளவு குரல் இருக்கிற பிள்ளையைத் தகரம் நிமித்த வைச்சு வீணாக்கிறியள். எழில்மதியின்ர அணியில ஓரிடம் காலி. இவளை அங்க மாத்துங்கோ." எழில்மதி என்றது யசோவைத்தான்.

"அப்ப திருத்திறது ஆர்?" என்று அக்கா கேட்டார்.

"எழில்மதிக்கு இனிச் சண்டை ஏலாது. ஆஸ்பத்திரியால வந்த உடனே இங்க விடுறம்."

"அவளுக்கு ஒரு கைதானே, அண்ணா."

"அதையும் ஆராய்வம்" என்றார்.

ஆவணி 22

யசோ வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். கையில் வெள்ளைத் துணிச் சுற்று. 

"உன்ர பொட்டெல்லாம் வாய்க்காலுக்குள்ள" என்றாள்.

"தெரியும்."

"உன்ர எண்டுதான் சேர்த்தனான்."

"தெரியும்."

"சரி, அழாத. ஆம்பிளை மாதிரிக் குரலை வைச்சுக்கொண்டு அழுதா நல்லா இராது."

குறடு பிடிக்கப் பழக்கினேன். ரின்னை மடியில் இறுக்கி வைத்து, இடக் கையால் வாயை ஒடுக்க வேண்டும். முதலாவது நழுவிப் போய்த் தராசுத் தட்டில் விழுந்தது. சத்தத்துக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நழுவியவற்றுக்குச் சிரிக்கவில்லை.

ஆவணி 24

நான் எல்லைக்குப் போவதை அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று அக்காவைக் கேட்டேன். பட்டறையில் இருக்கிறேன் என்றே இருக்கட்டும். அம்மாவுக்கு முன்யோசனை அதிகம். நெல்லு மூட்டை இன்னும் வாங்க வேண்டும் என்று நினைத்துவிடுவார்.

ஆவணி 25

எல்லை. இதைப் பதுங்குகுழிக்குள் இருந்து எழுதுகிறேன்.

புறப்படுகிறபோது வழங்கல்காரர் எனக்கு நாலு ரவைக்கூடு தந்தார். உரப்பை மடித்த அதே ஆள். வாய்க்காலில் எறிந்ததை எல்லாம் அரித்து எடுத்துக் கழுவிக் காயவைத்து இருப்பில் சேர்த்திருக்கிறார்கள். வீணாக்கக் கூடாதல்லவா. பொட்டைச் சுரண்டி அழித்திருந்தார்கள். மூன்றாவதின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். அகன்றது.

அதை யசோவிடம் கொடுத்தேன். அவள் "வரிசையில் நிற்கவும்" என்பதற்குக் கீழே குந்தி இருந்து, மடியில் இறுக்கி, வாயை ஒடுக்கினாள். நழுவியது. மறுபடி ஒடுக்கினாள். வியர்த்துவிட்டது. அக்கா திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினார். யசோ கொடுக்கவில்லை. கடைசியில் எண்ணெய்ச்சீலையால் துடைத்து என்னிடம் தந்தாள். பெருவிரலால் அமத்திப் பார்க்கவா என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுத்துரை அண்ணையின் உழவு இயந்திரத்தில், சோற்றுப் பார்சல்களுக்கு நடுவில் இடம் கிடைத்தது. அண்ணை இயந்திரத்தைத் திருகினார். வாசலில் யசோ குறட்டோடு நின்றாள். முன்பொரு நாள் நான் சொல்லி அவளுக்குக் கேட்காமல் போனது நினைவுக்கு வந்தது. இந்தச் சத்தத்துக்கு மேலே சொல்ல வேண்டும் என்று நன்றாக மூச்சு இழுத்தேன்.

"என்ர உயிர் உன்ர குறட்டிலதான் கிடக்கு! வடிவாப் பிடி!"

அண்ணை துள்ளிவிட்டார். யசோ, காது வெடிக்குது என்று காட்ட, குறட்டைக் கக்கத்தில் செருகிவிட்டுக் காதைப் பொத்தினாள். ஒரு கையால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.